பாராகிளைடிங்: கால் தரையில் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டியவை

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் டோபி என்றொரு இடம். 2024 பிப்ரவரியில் அங்கே பைலட்டோடு சேர்ந்து பறந்த தெலங்கானாப் பெண் ஒருவர் வானிலிருந்து விழுந்து இறந்தார். அனுமதி பெற்ற இடம், பதிவு பெற்ற பைலட், வானிலையிலும் குறையில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். பயணியின் பாதுகாப்புப் பட்டி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பிவிட்டார் என்பதே பைலட் மீது வந்த குற்றச்சாட்டு; அவர் கைதானார். அடுத்த வருடம் ஜனவரியில் அதே மாவட்டத்தின் கார்சாவில் இரண்டு கிளைடர்கள் நடுவானில் மோதின. இறந்தவர் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர். 2023 மார்ச்சில் கேரளத்தின் வர்க்கலைக் கடற்கரையில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருவரும் அவருடைய பைலட்டும் உயர்கோபுர மின்விளக்குக் கம்பத்தில் சிக்கித் தொங்கினார்கள். நல்லவேளை, இருவரையும் உயிரோடு இறக்கிவிட்டார்கள்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் "இதெல்லாம் தேவையா?" என்று நம் வீடுகளில் கேட்பார்கள். பறப்பதன் மேல் எனக்கு அளவுகடந்த பிரியம் உண்டு. அதனாலேயே அந்தக் கேள்வியைத் தட்டிவிட மனம் வருவதில்லை. விபத்துகளைப் படிக்கப் படிக்கத் தெரிவது இதுதான்: பறக்க ஆரம்பித்த பிறகு புதியவரால் செய்ய முடிவது கொஞ்சம், தரையில் நிற்கும்போது செய்ய முடிவது ஏராளம். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்தத் தரை வேலையைப் பற்றித்தான். முதலில் சுற்றுலாப் பயணியாக ஒருமுறை பறக்கப் போகிறவர்களுக்கு; பிறகு தானே கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு.

டேண்டம்: பைலட்டோடு பறக்கப் போகிறீர்கள் என்றால்

முதல் வேலை நாளைத் தேர்ந்தெடுப்பது. மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, இமாச்சலத்தில் பாராகிளைடிங்குக்குத் தடை. அந்த நாள்களில் யாராவது "நாங்கள் பறக்க வைக்கிறோம்" என்று கூப்பிட்டால், அந்த ஆளிடம் வேறு எதையும் நம்பி ஒப்படைக்க வேண்டாம். அதே மாநிலத்தில் பாராகிளைடிங்குக்குப் பேர்போன பீர் பில்லிங் போகிறவர்களுக்கு அக்டோபர், நவம்பர் நல்ல காலம். மார்ச்சிலிருந்து மே வரை வெயில் ஏற ஏற காற்று முரடாகும். ஊர் திரும்பும் நாளன்று காலையில் பறத்தலை வைத்துக்கொள்ளாதீர்கள். பஸ் மூன்று மணிக்கு, காற்று சரியில்லை, பணமும் கட்டியாகிவிட்டது என்ற நெருக்கடியில் நீங்கள் பைலட்டை அவசரப்படுத்துவீர்கள், அவரும் இணங்கிவிடக்கூடும். ஒரு நாள் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

அடுத்தது ஆள். கடையில் சீட்டுப் போடுகிறவர் வேறு, உங்களோடு பறக்கிறவர் வேறு. பறக்கிறவரின் லைசென்ஸை, சுற்றுலாத் துறைப் பதிவைப் பார்க்கக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுவார். இரண்டு பேரின் எடையைத் தாங்கும் ரிசர்வ் பாராசூட், அதாவது அவசரத்துக்கு வீசும் மாற்றுப் பாராசூட், இருக்கிறதா, பயணிக்குக் காப்பீடு உண்டா என்றும் கேளுங்கள். பேரம் பேசுங்கள், ஆனால் மிகக் குறைந்த விலைக்காரரை மட்டும் தேடாதீர்கள். அந்தக் குறைவு பழைய ஹார்னஸிலிருந்தோ (உடலோடு மாட்டும் பட்டி இருக்கை), ஒரு நாளைக்கு அளவுக்கு மீறிப் பறக்கும் பைலட்டின் களைப்பிலிருந்தோ வரலாம். வானில் சுழன்று இறங்கும் வித்தை காட்டச் சொல்லிக் கூடுதல் பணம் நீட்டுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "இன்றைக்கு வேண்டாம்" என்று பைலட் சொன்னால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள். வருமானத்தை விட்டுக்கொடுத்து அந்த வார்த்தையைச் சொல்கிறவர்தான் நல்ல பைலட்.

உடை விஷயம் சுருக்கமானது. கணுக்காலைப் பிடிக்கும் ஷூ, முழுக்கால் பேண்ட், குளிருக்கு ஜாக்கெட். சேலை, துப்பட்டா, தொங்கும் ஸ்கார்ஃப் கூடாது. போனுக்குக் கயிறு இல்லையென்றால் பைக்குள்ளேயே இருக்கட்டும். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். தலைக்கு மேல் விரியும் துணி இறக்கையின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கர்ப்பம், முதுகெலும்புப் பிரச்சினை, இதய நோய், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். முந்தின இரவு குடித்திருந்தால் மறுநாள் காலை பறக்காதீர்கள்.

இனி மிக முக்கியமானது. ஹார்னஸை மாட்டிவிட்டதும் உங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள். இடது தொடைப் பட்டி, வலது தொடைப் பட்டி, மார்புப் பட்டி, ஹெல்மெட்டின் தாடைப் பட்டி. ஒவ்வொன்றும் 'டக்' என்று பூட்டியிருக்க வேண்டும், இழுத்தால் வரக்கூடாது. பிறகு உங்கள் ஹார்னஸை இறக்கையோடு இணைக்கும் காரபினர்கள், அதாவது பூட்டும் வளையங்கள், இரண்டு தோள் பக்கமும் ஒவ்வொன்று. இரண்டும் மாட்டியிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா? பைலட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரும் கையால் தொட்டுக் காட்டும்வரை ஓடாதீர்கள். தொடைப் பட்டிதான் பெரும்பாலும் மறந்துபோவது. நிற்கும்போது அது இல்லாதது தெரியாது. மார்புப் பட்டி மட்டும் இருந்தால் ஹார்னஸ் சட்டைபோல உடம்பில் தங்கிவிடும். கால் தரையை விட்டதும் உடல் கீழே நழுவும், அக்குளில் தொங்க வேண்டிவரும். அப்படி அதிக நேரம் யாராலும் தொங்க முடியாது.

வடக்கே போகிற தமிழர்களுக்கு மொழியும் பாதுகாப்புச் சமாச்சாரம்தான். 'பாகோ', 'தௌடோ' என்றால் ஓடு. 'ருகோ' என்றால் நில். 'பைட்னா மத்' என்றால் உட்காராதே. இந்த நான்கையும் மலையேறும் ஜீப்பிலேயே மனப்பாடம் செய்யுங்கள். டேக்-ஆஃபில், அதாவது ஓடிக் கிளம்பும்போது, சொதப்புவது பெரும்பாலும் பயணி ஓட்டத்தைப் பாதியில் நிறுத்துவதாலோ, இறக்கை மேலே வந்ததும் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிடுவதாலோதான். கால் காற்றில் ஓடும்வரை ஓடிக்கொண்டே இருங்கள். குதிக்க வேண்டாம். பறக்கும்போது கயிறுகளையும் பைலட்டின் கையையும் பிடிக்காதீர்கள். இறங்கும்போது அவர் சொல்லும் நேரத்தில் எழுந்து நில்லுங்கள், அல்லது காலைத் தூக்குங்கள். எதைச் செய்ய வேண்டும் என்பதை மேலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தானே பறக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு

மகாராஷ்டிரத்தின் காம்ஷெட், இமாச்சலத்தின் பீர் போன்ற இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் படத்தைப் பார்க்காமல் முதல் நாள்களில் என்ன செய்ய வைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். சமதரையில் இறக்கையை எழுப்பி, தலைக்கு மேல் நிறுத்தி, மீண்டும் தரையில் இறக்கும் பயிற்சிதான் அடித்தளம். அதற்கு நேரம் கொடுக்காமல் இரண்டாம் நாளே பெரிய மலைக்கு அழைத்துப்போகிற பள்ளி வேண்டாம். உயரமான மலையிலிருந்து முதன்முதலாகத் தனியே பறக்கும்போது மேலே ஒரு பயிற்சியாளர், கீழே இறங்குமிடத்தில் ஒருவர், இருவர் கையிலும் ரேடியோ. இது சலுகையில்லை, கட்டாயம். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு பழைய இறக்கை ஒன்றை வாங்கிப் பக்கத்துக் குன்றில் முயல்வது, இந்த விளையாட்டில் அடிபடுவதற்கான நேர்வழி.

சாமான்களை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ஐரோப்பியத் தர நிர்ணயப்படி இறக்கைகளை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கிறார்கள். ஏ வகை மன்னிக்கும் குணம் கொண்டது: காற்றில் மடிந்தாலும் பைலட் பெரிதாக ஒன்றும் செய்யாமலேயே விரிந்துகொள்ளும் தன்மைக்காகச் சோதிக்கப்பட்டது. புதியவருக்கு அதுதான். உங்கள் எடையோடு எல்லாச் சாமான்களின் எடையையும் கூட்டினால், அது இறக்கையில் அச்சடித்திருக்கும் எடை வரம்புக்குள் வர வேண்டும். பழையது வாங்கினால் துணியின் காற்றுக்கசிவையும் கயிறுகளின் வலுவையும் பரிசோதித்த அறிக்கை கேளுங்கள். ஹார்னஸில் முதுகுக்காப்பு கட்டாயம். பாராகிளைடிங்கில் பெருங்காயம் என்றால் அது பெரும்பாலும் நடு முதுகுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட எலும்பில்தான். உட்கார்ந்த நிலையில் தரையில் மோதுவதே அதற்குக் காரணம். ரிசர்வ் பாராசூட்டைத் தயாரிப்பாளர் சொல்லும் கால இடைவெளியில், பொதுவாக வருடத்துக்கு ஒருமுறையாவது, பிரித்து மடிக்க வேண்டும்.

காற்றைப் படிப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். புதியவர்கள் இறக்கையைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறார்கள், காற்றைப் பற்றிப் போதிய கவலை இல்லை. நிஜத்தில் தீர்மானிப்பது காற்றுதான்.

ஏ வகை இறக்கை, பிரேக்கை (வேகம் குறைக்கவும் திரும்பவும் கையில் பிடிக்கும் கயிறுகள்) இழுக்காமல் கையை மேலே விட்டுப் பறந்தால் மணிக்குச் சுமார் 35 முதல் 38 கி.மீ. வேகத்தில் போகும். எதிர்க்காற்று 30 கி.மீ. இருந்தால் தரையைப் பொறுத்து நீங்கள் ஏறத்தாழ நிற்பீர்கள். காற்று உங்கள் வேகத்தையே தாண்டினால் பின்னோக்கிப் போவீர்கள். அதோடு, காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 கி.மீ. காற்று 20 ஆனால் இறக்கையில் இழுவை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். காலையில் கைக்குள் அடங்கிய இறக்கை மதியம் ஆளை இழுத்துக்கொண்டு போவது இதனால்தான். புதியவருக்கு என் அளவுகோல் இது: மலைமுகத்துக்கு நேராக, சீராக, 10 முதல் 18 கி.மீ. வரை. 20-ஐத் தாண்டினால் உட்காருங்கள். சராசரி குறைவாக இருந்தாலும் காற்று குதித்துக் குதித்து வந்தால், அடிக்கும்போது ஒன்று, அடங்கும்போது அதில் பாதி என்றால், அப்போதும் உட்காருங்கள்.

டேக்-ஆஃபில் காற்று எதிரே வருகிறது என்பது மட்டும் போதாது. மலையின் பின்பக்கத்திலிருந்து வீசும் பெருங்காற்று மேலே ஓடிக்கொண்டிருக்க, முகப்பில் வெயிலால் எழும் வெப்பக்காற்று மட்டும் உங்கள் முகத்தில் படலாம். மேகங்கள் எந்தத் திசையில் போகின்றன என்று பார்த்தால் இது பிடிபடும். ஆற்றில் பாறைக்குப் பின்னால் நீர் சுழல்வதுபோல், முகடு, கட்டடம், மரவரிசை எதுவானாலும் அதன் காற்று மறைவில் காற்று சுழலும். அதை ரோட்டர் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, இறக்கையை ஒரு நொடியில் கசக்கிவிடும். இறங்குமிடத்தைச் சுற்றி என்ன நிற்கிறது, காற்று அதைத் தாண்டியா வருகிறது என்று பறப்பதற்கு முன்பே நடந்துபோய்ப் பாருங்கள்.

பில்லிங் டேக்-ஆஃப் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பீரில் இறங்குமிடம் அதிலிருந்து ஆயிரம் மீட்டர் அளவுக்குத் தாழ்வு. அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் டேக்-ஆஃபுக்கு வேகமாக ஓட வேண்டும். காம்ஷெட்டின் தாழ்ந்த குன்றுகளில் பழகியவர்களுக்கு இது முதல்முறை திகைப்பாக இருக்கும். பின்னால் தௌலாதார் மலைத்தொடர் சுவர்போல எழுகிறது. தெர்மலில், அதாவது மேலெழும் வெப்பக்காற்றில், ஏறி உள்மலைக்குள் போய் வழிதவறியவர்களைத் தேடுவது மீட்புக்குழுக்களுக்கு நாள்கணக்கான வேலை. புதியவர் முன்வரிசை முகட்டைத் தாண்ட வேண்டாம்.

வெப்பச்சலன மழை என்று வானிலைச் செய்தியில் கேட்கிறோமே, அதைக் கொண்டுவரும் மேகம்தான் பாராகிளைடருக்கு எமன். வளரும் இடிமேகம் அடியிலிருந்து காற்றை உறிஞ்சும். 2007 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் ஜெர்மனி வீராங்கனை ஏவா விஷ்னியர்ஸ்காவை இடிமேகம் 9,946 மீட்டர் உயரத்துக்கு இழுத்துச் சென்றது. எவரெஸ்டைவிட உயரம். பனிக்கட்டி போர்த்தி, அரைமணிக்கும் மேல் நினைவின்றிக் கிடந்து, கிளம்பிய இடத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளி உயிரோடு இறங்கினார். அதே நாளில் அதே மேகக்கூட்டத்தில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை. இருவருமே உலகத்தர வீரர்கள். அவர்களால் முடியாததை நாம் சமாளித்துவிடலாம் என்று நினைக்க இடமே இல்லை. மேகம் அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால், அடிப்பாகம் கறுத்தால், தூரத்தில் இடி கேட்டால் இறங்குங்கள். மழை உங்கள் மேல் பெய்ய வேண்டும் என்றில்லை. இடிமேகத்தின் முன்னால் ஓடும் பெருங்காற்று பல கிலோமீட்டர் தள்ளியும் தாக்கும்.

ஓடுவதற்கு முன் ஐந்து பார்வை

இதை ஒவ்வொரு முறையும், ஒரே வரிசையில், வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள். ஒன்று, உடம்பு: ஹெல்மெட், இரு தொடைப் பட்டிகள், மார்புப் பட்டி, இரு காரபினர்கள், ரிசர்வ் கைப்பிடியும் அதன் பையைப் பூட்டும் ஊசியும். இரண்டு, கயிறுகள்: முடிச்சோ குச்சியோ இல்லை, ரைசர் (கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டை) முறுக்கவில்லை. மூன்று, இறக்கை: முன்விளிம்பு திறந்து, வில்போல விரிந்து கிடக்கிறது. நான்கு, காற்று: திசையும் வேகமும். ஐந்து, வானம்: முன்னாலும் மேலேயும் யாருமில்லை. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தொடைப் பட்டியை மறந்தவர்களில் அனுபவசாலிகளும் உண்டு. பலருக்கு அது நடந்தது, ஒருமுறை டேக்-ஆஃப் தவறி, பட்டியைக் கழற்றி, இறக்கையைச் சரிசெய்து, மீண்டும் அவசரமாக மாட்டியபோதுதான்.

வானில்

இறக்கையின் ஒரு பக்கம் மடிந்தால் முதலில் திசையைக் காப்பாற்றுங்கள். உடல் எடையை விரிந்திருக்கும் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் பிரேக்கை அளவாகப் பிடித்து, மலையிலிருந்து விலகிப் பறங்கள். மடிந்த பக்கத்தை விரிப்பது அதற்குப் பிறகு. பயத்தில் இரண்டு பிரேக்கையும் இடுப்புவரை இழுப்பதுதான் ஆபத்து. மடிப்பு தானே சரியாகியிருக்கும், அந்த இழுப்பு ஸ்டாலில், அதாவது இறக்கை பறக்கும் விசையை இழக்கும் நிலையில், தள்ளிவிடும். உயரம் இருந்தால் நேரம் இருக்கிறது. அதனால் மலைமுகத்தை உரசிக்கொண்டு பறக்காதீர்கள்.

கட்டுப்பாடு திரும்பாமல் சுழல ஆரம்பித்தாலோ, தாழ்வாக இருக்கும்போது கட்டுப்பாடு போனாலோ ரிசர்வ். கைப்பிடியைப் பார், பிடி, இழு, வெற்று வெளியை நோக்கி வீசி எறி. அது விரிந்ததும் பிரதான இறக்கையைக் கயிறு பிடித்து உள்ளே இழுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடாமல் இருக்க. பிறகு கால்களைச் சேர்த்து, முழங்காலை லேசாக மடக்கி, பக்கவாட்டில் உருளத் தயாராகுங்கள். ரிசர்வின் கீழே இறங்குவது சுமார் ஒன்றரை மீட்டர் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். தயங்கியே உயரத்தைத் தொலைத்தவர்களைப் பற்றி விபத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதனால் ஒவ்வொரு பறத்தலிலும் ஒருமுறை பார்க்காமலே கையைக் கொண்டுபோய்க் கைப்பிடியைத் தொட்டு வாருங்கள்.

வானத்திலும் சாலை விதிகள் உண்டு. எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் விலக வேண்டும். மலைமுகத்தை ஒட்டிப் பறக்கும்போது யாருக்கு வலப்பக்கம் மலை இருக்கிறதோ அவருக்கே முன்னுரிமை, அவரால் வலப்பக்கம் விலக முடியாது. தெர்மலில் முதலில் சுற்றுகிறவரின் திசையில்தான் பின்னால் வருகிறவரும் சுற்ற வேண்டும். கீழிருந்து ஏறிவருகிறவருக்கு மேலே இருப்பவர் தெரியமாட்டார். மேலே இருப்பவர்தான் விலக வேண்டும். சீசனில் பீர் வானத்தில் நெரிசல் அதிகம். திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பார்ப்பதை உடம்பின் பழக்கமாக்குங்கள்.

இறங்குவது எதிர்க்காற்றில்தான். உயரத்தைக் குறைக்கும் வளைவுகளை மேலேயே முடித்துவிடுங்கள். கடைசி நீளம் நேர்கோடு, கால்கள் கீழே, ஹார்னஸிலிருந்து எழுந்த நிலை. தரை நெருங்கியதும் இரு பிரேக்கும் ஒன்றாக. தாழ்வில் திரும்பினால் இறக்கை பாய்ந்து இறங்கும். இறங்குமிடத்தைத் தவறவிட்டு எதிர்பாராத வயலில் இறங்குவது அதைவிட எவ்வளவோ மேல். மரமா மின்கம்பியா என்ற நிலை வந்தால் மரம்.

யாராவது விழுந்துவிட்டால்

பத்திரமாக வேறெங்காவது இறங்கியவர் உடனே இறக்கையைச் சுருட்டிவிட வேண்டும். விரித்துக் கிடக்கும் இறக்கை மேலே பறக்கிறவர்களுக்கு "உதவி வேண்டும்" என்ற சைகை. விழுந்தவரிடம் போகும்போது முதலில் அவருடைய இறக்கையை அடக்குங்கள், காற்று மறுபடி அவரை இழுத்துவிடாமல். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் கயிறுகளைத் தொடாதீர்கள். மின்சாரம் துண்டித்தது உறுதியாகும்வரை யாரையும் நெருங்கவிடாதீர்கள். 112-க்கு அழைத்து, போனில் தெரியும் இருப்பிட எண்களை அப்படியே படித்துச் சொல்லுங்கள்.

நம் ஊரில் கூட்டம் கூடி, கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, கிடைத்த வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அன்பால் செய்வதுதான், ஆனால் முதுகெலும்பு முறிந்தவருக்கு அந்தத் தூக்கல் கால்களை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்துவிடலாம். மூச்சு இருக்கிறதா, ரத்தம் கொட்டுகிறதா என்று பாருங்கள். மூச்சுக்குத் தடையில்லை என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அவர் எழுந்து உட்கார முயன்றாலும் விடாதீர்கள். அடிபட்ட முதல் நிமிடங்களில் வலி தெரியாமல் போகலாம். மலைக்குளிரில் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும், ஜாக்கெட்டையோ இறக்கையின் துணியையோ போர்த்துங்கள். ஹெலிகாப்டர் வருகிறது என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தில் கிடக்கும் எல்லா இறக்கைகளையும் பைக்குள் திணித்து, மேலே பறப்பவர்களை ரேடியோவில் இறங்கச் சொல்லுங்கள்.